கேட்சரின் மணிக்கட்டு

பேஸ்பாலில் பிட்சர் எறியும் வேகப்பந்து 18.44 மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அடிப்பவர் மட்டையை வீசாமல் விட்டால், பந்து அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்ததா என்று அம்பயர்தான் சொல்ல வேண்டும். உள்ளே என்றால் 'ஸ்ட்ரைக்', வெளியே என்றால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். நான்கு பால் ஆனால் அடிப்பவர் முதல் பேஸுக்கு நடந்தே போய்விடலாம். அந்த எல்லையின் அகலம் 17 அங்குலம்தான். ஓரத்தை உரசி வரும் பந்தில்தான் தகராறு.

கேட்சரின் கைவரிசை தெரிவதும் அங்கேதான். விக்கெட் கீப்பர் போல அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருப்பவர் அவர். அவருக்கும் பின்னால் அம்பயர். தாழ்ந்து வரும் பந்தை அவசரமாக எட்டிப் பிடித்தால், வந்த வேகத்தில் கையுறை இன்னும் கீழே இறங்கிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பால். தேர்ந்த கேட்சர் கையுறையை முன்னதாகவே பந்துக்குக் கீழே கொண்டுபோய், மேலே எழும்போதே பந்தை வாங்கிக்கொள்வார். தலை ஆடாது. மணிக்கட்டு மட்டும் லேசாக எழும். இதற்கு 'ஃப்ரேமிங்' என்று பெயர்.

பழைய ஆட்டக்காரர்களுக்கு இந்த வித்தை தெரியும். அதன் மதிப்பு எத்தனை ரன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2008 வாக்கில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் மைதானங்கள் அனைத்திலும் 'பிட்ச் எஃப்எக்ஸ்' கேமராக்கள் வந்து, ஒவ்வொரு பந்தின் பாதையும் பதிவானது. 2011இல் மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பதிவுகளை வைத்து, யார் பிடித்தால் ஓரப் பந்துகள் கூடுதலாக ஸ்ட்ரைக் ஆகின்றன என்று கணக்கிட்டார். முன்னணியில் நின்றவர் ஹோசே மொலினா. மட்டையில் சுமார், ஓட்டத்தில் மந்தம். பல ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராகவே காலம் தள்ளியவர். அந்த ஆண்டின் முடிவிலேயே டாம்பா பே ரேஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. தொடர்ந்து 20 சீசன்கள் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்ட பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், ஃப்ரேமிங்கில் கெட்டிக்காரரான ரசல் மார்ட்டினைச் சேர்த்தது. 2013இல் 94 வெற்றி! அவர் ஒருவரால் மட்டும் அல்ல. ஆனால் அவருக்கும் அதில் பங்குண்டு.

கணினியா, அனுபவமா என்ற சண்டை எனக்கு வீண் என்றே படுகிறது. மொலினாவின் கைக்கு உரிய மரியாதையை வாங்கித் தந்தது கணக்கு. அந்த நுணுக்கத்தை இளையவர்களுக்குப் பழக்கியது பயிற்சியாளர்களின் அனுபவம். எல்லா அணிகளும் கற்றுக்கொண்டதில் கேட்சர்களுக்கு இடையிலான இடைவெளியும் சுருங்கிவிட்டது.

2026 முதல் மேஜர் லீக்கில் அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து கேமராவிடம் முறையிடலாம். அந்த உரிமை பிட்சர், கேட்சர், அடிப்பவர் மூவருக்கு மட்டுமே. வெளியிலிருந்து பயிற்சியாளர் சைகைகூடக் காட்டக் கூடாது.