திரையில் வளர்ந்த பயம் – 17: பாட்டி சொல்லாத பழம்பாட்டு

சென்ற வாரம், பின்னால் ஓநாய் மனிதனாகப் போகிற லாரி டால்பட்டைப் பழம்பொருள் கடையில், வெள்ளியில் ஓநாய்த் தலை வைத்த கைத்தடியோடு நிறுத்தியிருந்தோம். யுனிவர்சல் ஸ்டுடியோவின் 'தி வுல்ஃப் மேன்', 1941. இவ்வளவு நினைவிருந்தால் போதும், மேலே போகலாம்.

இந்த வாரம் ஜாக் பியர்ஸின் மேக்கப்பை எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் படத்தை மறுபடியும் போட்டேன். மேக்கப் வருவதற்கு வெகு முன்பே ஒரு நாலு வரிப் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க விடவில்லை.

கடையில் இருக்கும் க்வென், தடியில் ஏன் ஓநாய்த் தலை என்று விளக்கும்போது அதைச் சொல்கிறாள். எவ்வளவு நல்லவனாக, பக்திமானாக இருந்தாலும் வேளை வந்துவிட்டால் ஓநாயாகிவிடுவான் என்பது சாரம். அதே பாட்டை லாரியின் அப்பா சர் ஜானும் சொல்கிறார். க்வெனின் தோழி ஜென்னியும் சொல்கிறாள். படித்த பிரபு, கடைக்காரப் பெண், கிராமத்துப் பெண், மூன்று பேருக்கும் மனப்பாடம். யாரும் 'எங்கே கேட்டாய்?' என்று கேட்பதில்லை. தொட்டிலில் கிடந்தபோதே காதில் விழுந்த பாட்டைப் போல அத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த லாரிக்கு மட்டும்தான் அது புதிது. நமக்கும்தான்.

கதை நடக்கும் வேல்ஸின் மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு என்றுதான் நான் பல வருடம் நம்பியிருந்தேன். இல்லை. எந்தப் பாட்டியும் எந்தப் பேரனுக்கும் அதைச் சொன்னதில்லை. படத்தின் திரைக்கதை ஆசிரியர் கர்ட் சியோட்மாக் ஹாலிவுட்டில் உட்கார்ந்து எழுதியது. பிற்காலத்தில் சினிமா ஆய்வாளர்களே அதை நாட்டுப்புறப் பாடல் என்று நம்பிவிட, 'நான்தான் கட்டினேன்' என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. 70 நிமிடப் படம் ஒன்று, தனக்கு வேண்டிய பழமையைத் தானே உண்டாக்கிக்கொண்டது. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாட்டில் முழு நிலவு கிடையாது! ஓநாய்க் கொல்லிச் செடி பூக்கும் காலம், இலையுதிர்காலத்து நிலா, அவ்வளவுதான். அந்தச் செடி நம் சித்த மருத்துவர்கள் வச்சநாபி என்று சொல்லும் நச்சுச் செடியின் உறவு. லாரி அடுத்தடுத்த இரவுகளில் மாறுகிறான், பௌர்ணமிக்குக் காத்திருப்பதில்லை. 1935இல் இதே ஸ்டுடியோ எடுத்த 'வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்' படத்தில் முழு நிலவு இருந்தது. சியோட்மாக் அதை விட்டுவிட்டார். 1943இல் 'ஃப்ராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி வுல்ஃப் மேன்' எழுதும்போது அவரே திரும்பக் கொண்டுவந்தார். டால்பட்டின் கல்லறையைத் திருடர்கள் திறக்கிறார்கள், பௌர்ணமி வெளிச்சம் உடலில் விழுகிறது, கை அசைகிறது. தொடர்ச்சிப் படங்களில் பாட்டின் வரியும் முழு நிலவாக மாறிப்போனது. இன்றைக்கு எந்த நாட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் ஓநாய் மனிதன் பௌர்ணமியில் மாறுவான், வெள்ளி பட்டால் சாவான் என்று சொல்லும். ஐரோப்பியப் பழங்கதைகளில் அவன் ஓநாய்த் தோலைப் போர்த்தியோ, மந்திரப் பட்டையை இடுப்பில் கட்டியோ, தைலம் பூசியோதான் பெரும்பாலும் மாறினான்.

சியோட்மாக் 1902இல் டிரெஸ்டனில் பிறந்த யூதர். இளம் நிருபராக இருந்தபோது, ஃப்ரிட்ஸ் லாங் எடுத்துக்கொண்டிருந்த 'மெட்ரோபோலிஸ்' படப்பிடிப்புக்குள் செய்தி சேகரிக்கத் துணை நடிகராக நுழைந்தவர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1937இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். படத்தில், அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று ஓநாய் மனிதனின் கண்ணுக்குத் தெரியும். யூதர்கள் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவு ஜெர்மனியில் வந்தது 1941 செப்டம்பரில். படம் திரைக்கு வந்தது அதே ஆண்டு டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து சில நாட்களில். நேற்றுவரை வணக்கம் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் விடிவதற்குள் வேறு ஆளாகிவிடுவதைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், நல்லவனும் ஓநாயாவான் என்று பாட்டுக் கட்டியதில் எனக்கு வியப்பில்லை.

இந்தப் படம் இன்னும் சாகாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். டிராகுலாவுக்குத் தன் பசி பிடித்திருக்கிறது. லாரிக்குத் தன்னைக் கண்டே நடுக்கம். விடிந்து எழுந்ததும் ஜன்னலிலிருந்து கட்டில்வரை சேற்றுக் காலடித் தடம். ஓடி ஓடி அழிக்கிறான். யாருக்கோ பயந்து கதவைச் சாத்துகிற படங்கள் நிறைய உண்டு. சாத்திய கதவுக்கு உள்ளே இருப்பதே அதுதான் என்று இவன் காட்டுகிறான்.

தான் ஓநாயாவதாக லாரி சொல்வதை அப்பா மனநோய் என்கிறார். மகனை நாற்காலியில் கட்டிவைத்துவிட்டு வேட்டைக்குக் கிளம்புகிறார். அந்தத் தடியை எடுத்துக்கொண்டு போங்கள் அப்பா என்று லாரி கெஞ்சுகிறான். அந்த இடத்தை நான் மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். தன்னைக் கொல்லப்போகும் வெள்ளியை மகனே அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறான். அவருக்குத் தெரியாது. காட்டில் மூடுபனி நடுவே, ஓநாயாக மாறிய மகனை அவர் மீண்டும் மீண்டும் அடிக்கிறார். ஜிப்சிக் கிழவி மாலேவா வந்து குனிந்து, வேதனை முடிந்தது என்று ஆறுதல் சொல்கிறாள். அப்போது முகத்திலிருந்து மயிர் மெல்ல மறைகிறது. படம் முழுக்க முகம் மாறுவதை நமக்குக் காட்டுவது இங்கே மட்டும்தான். முன்பு ஓநாயாக மாறும்போது கால்களை மட்டும் காட்டியவர்கள், மனிதனாகத் திரும்பும்போதுதான் முகத்தைக் காட்டுகிறார்கள். தடியைப் பிடித்தபடி அப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த முகத்தில் மயிர் மயிராக ஒட்டியவர் ஜாக் பியர்ஸ். அவர் கை அடுத்த வாரம்.