மூன்று லட்சம் கிலோ மீட்டர் ஓடிய காருக்கு எந்த எண்ணெய்?

தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைக்கும் எனக்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2019 வரை எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த ஆண்டு ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு அப்பாவின் புரோட்டோன் வீராவை ஓட்டி வந்தேன். 1998-இல் வாங்கிய கார். தஞ்சோங் மாலிம் நெருங்கும்போது சிவப்பு விளக்கு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஓய்விடம் வருவதற்குள் எஞ்சினில் 'டக் டக்' என்று சத்தம், அப்புறம் கார் நின்றுவிட்டது.

இழுவை லாரியில் பட்டறைக்குப் போனதும் மெக்கானிக் அண்ணன் அளவுக்குச்சியை இழுத்துக் காட்டினார். நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"என்னம்மா, டிவியில அவ்வளவு பேசுறீங்க, இந்தக் குச்சியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தீங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. வேறொரு பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சினை வாங்கிப் போட மூவாயிரம் வெள்ளிக்கு மேல் ஆனது. பணத்தைவிட இன்னொன்று உறுத்தியது. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. அவரைக் கூட்டிப் போக அந்தக் கார்தான் இருந்தது. பத்து நாட்கள் அப்பா அக்கம் பக்கத்தில் உதவி கேட்டு அலைந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்து சேர்ந்த எஞ்சினும் பழசுதான். ஆகவே, பழைய எஞ்சினைப் பிழைக்க வைப்பது எப்படி என்று அந்த அண்ணனிடமே பாடம் கற்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எண்ணெயின் அளவைக் காட்டும் விளக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான பழைய கார்களில் அது எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் விழுந்துவிட்டது என்றால், சுழலும் உலோகங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் கிழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த விளக்கு எரிந்தால் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். இன்னும் ஐந்து கிலோ மீட்டர்தானே என்று கணக்குப் போடக் கூடாது. நான் போட்ட கணக்கின் விலையைத்தான் மேலே சொன்னேன்.

சரி, எண்ணெய் எங்கே போகிறது? நம் ஊரில் 'மிஞ்ஞாக் ஹித்தாம்' என்று கேட்டு வாங்கும் இந்த எண்ணெய், வயதான எஞ்சினில் இரண்டு வழியாகக் குறைகிறது. ஒன்று கசிவு. கார் நிற்கும் இடத்தில் தரையில் கறுப்புச் சொட்டுகள் தெரியும். மற்றொன்று எரிவது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தாலோ, அழுக்கில் ஒட்டிக்கொண்டாலோ எண்ணெய் மேலேறி பெட்ரோலோடு சேர்ந்து எரியும். வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் அடைப்பான் வெப்பத்தில் இறுகிப் போனால் அந்த வழியாகவும் உள்ளே இறங்கும். காலையில் முதல் முறை முடுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் பெரும்பாலும் வால்வு அடைப்பான்தான். ஓடும்போது, அதிலும் எண்ணெய் மிதியை அழுத்தும்போது, நீலப் புகை தொடர்ந்து வந்தால் வளையங்களைச் சந்தேகிக்கலாம். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் கதையே வேறு. தண்ணீர் உள்ளே கலக்கிறது. காரை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

இனி புட்டியைப் பார்ப்போம். 10டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் ஓட்டம் எளிது. பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. பனி பெய்யாத நம் நாட்டில் முதல் எண்ணைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நெரிசலில் ஒரு மணி நேரம் வெந்துகொண்டு நிற்கும் நம் கார்களுக்குப் பின் எண்தான் முக்கியம்.

அப்பாவின் காப்பிக்கடை நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில், "வயசான வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்து, கெட்டியா இருக்கணும்," என்றார்கள். இதில் பாதி உண்மை உண்டு. கெட்டி எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளில் சற்று மெதுவாகக் கசியும், சத்தமும் அடங்கும். ஆனால், காலையில் முடுக்கியதும் எஞ்சினின் உச்சிக்கு அது ஏற அதிக நேரம் எடுக்கும். பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய குறை, அது நோயை மூடி மறைத்துவிடுகிறது. கார் கையேட்டில் அனுமதித்த எண்களில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒரு படி மட்டும் ஏறலாம். 30 ஊற்றியவர்கள் 40-க்குப் போகலாம். எடுத்த எடுப்பில் 50-க்குத் தாவ வேண்டியதில்லை. எங்கள் வீராவுக்கு 10டபிள்யூ-40 பாதி செயற்கை எண்ணெய் ஊற்றுகிறோம், ஒத்துப்போகிறது.

புட்டியின் பின்புறம் ஏபிஐ என்ற வட்ட முத்திரை இருக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கான தரம் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். எஸ்ஜே என்பது 2001-க்கு முந்திய கார்களுக்கானது. 2010-இல் எஸ்என், 2020-இல் எஸ்பி, 2025-இல் எஸ்கியூ என்று தரம் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. புதிய தரம் பழைய காருக்கும் பொதுவாகப் பொருந்தும். என் கார் பழசு, அதனால் பழைய தரமே போதும் என்று தேட வேண்டாம்.

முழுச் செயற்கை எண்ணெய் ஊற்றினால் பழைய கார் ஒழுகும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். எண்ணெய் புதிதாக ஓட்டை போடுவதில்லை. பல ஆண்டு அழுக்குப் படிந்து அடைத்திருந்த ஓட்டையைச் சுத்தம் செய்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அதிக தூரம் ஓடிய கார்களுக்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெயும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வால்வோலின் நிறுவனம் மேக்ஸ்லைஃப் என்ற பெயரில் வெளியிட்டது இந்த வகையில் முன்னோடி. இறுகிய ரப்பரைச் சற்று மென்மையாக்கி உப்ப வைக்கும் மருந்து அதில் கலந்திருக்கும். வியர்ப்பது போன்ற சிறு கசிவுக்கு உதவும், அதுவும் சில ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகே தெரியும். கிழிந்துபோன அடைப்பானை எந்த எண்ணெயும் தைத்துத் தராது.

மாற்றும் வேலையை விரிவாகச் சொல்லப் போவதில்லை, பட்டறையில் அரை மணி நேர வேலை. எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது வடிக்க வேண்டும். வடிகட்டியையும் ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வீட்டில் செய்பவர்கள் வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. 1.5 லிட்டர் வீராவுக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். நான்கு லிட்டர் புட்டியை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். மிச்சத்தை காரிலேயே வைத்துக்கொண்டால் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

எஞ்சினைக் கழுவித் தருகிறேன் என்று பட்டறையில் சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரின் பூர்வீகம் தெரியாதபோது கட்டியான அழுக்கு மொத்தமாகப் பெயர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடலாம். அதற்குப் பதில் இரண்டு மூன்று முறை 3,000 கிலோ மீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் அழுக்கு மெல்ல இறங்கும். அதன் பிறகு 5,000 கிலோ மீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் அது எஸ்டபிள்யூ 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. புட்டியில் ஊற்றிப் பட்டறையிலேயே கொடுத்துவிடலாம்.

இப்போது அப்பா ஒவ்வொரு ஞாயிறும், காலையில் எஞ்சினை முடுக்கும் முன் சமதளத்தில் குச்சியை இழுத்துப் பார்க்கிறார். தேதி, கிலோ மீட்டர், எவ்வளவு ஊற்றினார் எல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருக்கிறது. சென்ற மாதக் கணக்குப்படி ஆயிரம் கிலோ மீட்டருக்குக் கால் லிட்டர் குறைகிறது. "அரை லிட்டர் வரைக்கும் ஊத்தி ஓட்டலாம்மா. ஒரு லிட்டரைத் தொட்டா எண்ணெய்க் கடைக்குப் போகாதீங்க, என்கிட்ட வாங்க, எஞ்சின் அழுத்தத்தை அளந்து பார்ப்போம்," என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதையும் அப்பா நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.