வெற்றிலைக் கன்னமும் சிறுநீர்ப் பாதையும்

ஒண்ணுக்கு அடைக்கிறது என்று வந்தவரிடம் டாக்டர், "வாயைத் திறங்க, கன்னத்தைப் பார்க்கணும்" என்றால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். அந்தக் கன்னத்துக்குள்தான் சில வேளை மருந்து இருக்கிறது.

இலங்கையின் ஊவாவில், பசறை, லுணுகலை, நமுணுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆண் இந்தத் தொல்லையை வெளியே சொல்ல நாளாகும். வெட்கம் பாதி, ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடுமே என்ற கணக்கு பாதி. நூலாகப் போனது சொட்டாகி, அடிவயிறு கல்லாக வீங்கிய இரவில்தான் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பார்கள்.

மரத்திலிருந்து வழுக்கிக் கவட்டையில் அடிபட்டது, லொறி விபத்தில் முறிந்த இடுப்பெலும்பு, எப்போதோ போட்ட ரப்பர் குழாய், கவனிக்காத வெட்டை நோய் என்று காரணம் பழையதாக இருக்கும். காயம் தழும்பாகும், தழும்பு சுருங்கும், வழி குறுகும்.

கம்பி விட்டு விரிப்பது பழைய முறை. 1970களில் ஜெர்மனியின் சாக்ஸே, கண்ணால் பார்த்துக்கொண்டே குழாய்க் கருவியின் கத்தியால் தழும்பைக் கீறும் முறையைப் பரப்பினார். சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதால் நோயாளிக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் கீறிய இடமும் தழும்பாகத்தானே ஆறும்? இரண்டாவது, மூன்றாவது தடவை கீறும்போது பலன் தேய்ந்துகொண்டே போகிறது. அடைப்பு திரும்பி வந்த 222 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. கீறியவர்களுக்கும் திறந்து சீரமைத்தவர்களுக்கும் சுகம் கிடைத்தது. ஆனால் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது, கீறியவர்களோடு ஒப்பிட்டால், திறந்து சீரமைத்தவர்களில் ஏறக்குறைய பாதிதான்.

ஸ்டென்ட் கேட்க அழகான யோசனை. 1988இல் லண்டனில் மில்ராய், யூரோலூம் என்ற கம்பிவலைக் குழாயை உள்ளே நிரந்தரமாக வைத்தார். சதை வலைக்கண் வழியே வளர்ந்தது. சிலருக்கு உட்கார்ந்தாலே வலி, கழற்றுவதோ பெரும்பாடு. விபத்துத் தழும்புக்கு அது ஒத்துவரவே இல்லை. அந்த யூரோலூம் கடைசியில் விற்பனையிலிருந்தே போய்விட்டது. பின்னால் வந்த மெமோகாத் என்ற ஸ்டென்ட் சுடுநீரில் விரியும், குளிர்நீரில் இளகும், அதனால் எடுத்துவிடலாம். பெரிய ஒபரேஷனைத் தாங்காத உடம்புக்கு அது கைகொடுக்கும்.

குறுக்கம் சிறிதானால் வெட்டி நீக்கி இரு முனையையும் தைத்துவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நிலைக்கிறது. நீண்டதானால் உட்கன்னச் சவ்வை உரித்து ஒட்டுப்போடுகிறார்கள். எப்போதும் ஈரத்தில் பழகிய, முடி முளைக்காத சவ்வு அது. எடுத்த புண்ணும் சீக்கிரம் ஆறும். புனேயின் சஞ்சய் குல்கர்னி, ஒரு பக்கம் மட்டும் பிரித்து இந்த ஒட்டைப் போடும் முறையை 2009இல் வெளியிட்டார். அது உலகெங்கும் போயிருக்கிறது.

ஊவாவில் சிக்கல் இங்கேதான். வெற்றிலையோடு மெல்லும் பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தை வெளுக்க வைத்து இறுக்கிவிடுகிறது. சிலருக்கு இரண்டு விரல் நுழையக்கூட வாய் திறப்பதில்லை. புகையிலையும் சேர்ந்தால் சவ்வு இன்னும் கெடும். அப்போது டாக்டர் நாக்கின் அடியையோ காதுக்குப் பின்னுள்ள தோலையோ தேட வேண்டும்.

ஒட்டுப் போட்டபின் இரண்டு மூன்று வாரம் குழாய் இருக்கும். பிறகு மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கசிவில்லை என்றால்தான் கழற்றுவார்கள். அதுவரை கொழுந்து மூட்டை தூக்கக் கூடாது, வெற்றிலையும் கூடாது.