சுவரெழுத்தும் புகைபோக்கியும் சொல்லும் வருடம்

பழைய காலத்தைக் காட்டும் எந்தத் திரைப்படத்திலும் இரண்டு வருடங்கள் இருக்கின்றன. ஒன்று, கதை நடக்கும் வருடம். மற்றொன்று, கேமரா ஓடிய வருடம். பின்னது முன்னதற்குள் எட்டிப் பார்த்துவிட்டால் அது காலப் பிழை. 1975-ல் நடக்கும் காட்சியின் ஓரத்தில் செல்போன் கோபுரம் தெரிவதும், சுதந்திரத்துக்கு முந்தைய தெருவில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி நிற்பதும் இந்த வகை.

வட சென்னையைக் களமாகக் கொண்ட படங்களில் இதைக் கண்டுபிடிப்பது சற்று எளிது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் வருடத்தைச் சொல்லும் பொருள்கள் பெரியவை. புகைபோக்கி, பாரந்தூக்கி, பேருந்து, ரயில் மின்கம்பி என்று எதையும் மேசைக்கடியில் தள்ளி மறைத்துவிட முடியாது. அவற்றில் சில அந்தப் பகுதியிலேயே தயாரானவை. அவற்றைப் பூட்டியும் கழற்றியும் பழகிய தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதே படத்தைத் திரையரங்கில் பார்க்கிறார்கள். இவ்வளவு கறாரான பார்வையாளர்கள் வேறு பகுதிகளுக்கு வாய்ப்பது அரிது.

ஏ.எல். விஜய் இயக்கிய 'மதராசபட்டினம்' (2010) 1940-களின் சென்னையைக் காட்டியது. வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018) 1987-ல் தொடங்கி 2000-களின் தொடக்கம் வரை நகர்கிறது. பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) 1970-களின் குத்துச்சண்டைக் குழுக்களைப் பற்றியது. மூன்றுக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் தேவைப்படும் பொருள்கள் வேறு வேறு. கடைசிப் படத்துக்கு ஒரு கூடுதல் நெருக்கடியும் உண்டு. நெருக்கடி நிலையும் 1976 ஜனவரி 31 அன்று நடந்த தி.மு.க. ஆட்சிக் கலைப்பும் கதையின் திருப்பமாகவே வருகின்றன. கதை இப்படி நாட்காட்டியில் ஒரு தேதியைத் தொட்டுவிட்டால், 'எழுபதுகளில் எப்போதோ' என்று தப்பிக்க வழியில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தாளும் அந்தத் தேதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சுவரில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தின் வடிவம். பெரியார் பரிந்துரைத்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில்தான் ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் அதற்குப் பின்தான் பொதுவழக்கில் இன்றைய வடிவம் பெற்றன. அதற்கு முன் லை, னை போன்றவை யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் சுழித்து ஒரே எழுத்தாக இருந்தன. 'சென்னை', 'சாலை', 'ஆலை', 'வேலை' என்று ஒரு தொழிற்பகுதியின் பலகைகளில் அதிகம் புழங்கும் சொற்கள் எல்லாவற்றிலும் இந்த எழுத்துகள் வருகின்றன. கட்சிச் சுவரொட்டிகளில் தவிர்க்கவே முடியாத 'அண்ணா'விலும் வருகிறது. ஆகவே 1975-ஐக் காட்டும் தெருவில் பத்துப் பலகை மாட்டினால் ஏழெட்டிலாவது சிக்கல் உண்டு. இன்றைய கணினி எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் பழைய வடிவங்கள் கிடையாது. அச்சடித்து ஒட்டினால் பிழை தானாகவே உள்ளே வந்துவிடும். அந்த எழுத்துகளைக் கையால் எழுதத் தெரிந்த ஓவியர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. அந்தக் கை இருக்கும் வரைக்கும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு விலக்கும் இருக்கிறது. பெரியாரின் ஏடுகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தின. எனவே 1975 தேநீர்க்கடையில் தொங்கும் 'விடுதலை' நாளிதழில் புதிய எழுத்து இருந்தால் அது சரி. பக்கத்திலேயே தொங்கும் மற்றொரு நாளிதழில் இருந்தால் தவறு.

எழுத்தை அடுத்து முகவரி. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ராயபுரத்துக் கடைப் பலகையில் 'சென்னை-13' என்றுதான் இருக்கும். பிறகு வந்த 600 013 என்ற எண்ணின் வால், அந்தப் பழைய பதின்மூன்றுதான். அரசியல் சுவரெழுத்தும் இதேபோலத் துல்லியமானது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியின் பெயர் அ.தி.மு.க. 'அனைத்திந்திய' என்ற முன்னொட்டு 1976-ல் சேர்ந்தது. ஆட்சிக் கலைப்பு நாளில் ஒரு சுவர் அந்த நீண்ட பெயரைச் சொன்னால், அது சில மாதங்கள் முந்திக்கொண்டுவிட்டது என்று பொருள். மொட்டைமாடி ஆன்டெனாவுக்கும் தேதி உண்டு: சென்னை தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்றுதான் ஒளிபரப்பைத் தொடங்கியது.

வண்டிகளுக்கு வந்தால் வட சென்னை தன் சொந்த வீட்டுக்கே வந்துவிடுகிறது. என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-ல் உருவாகி, திருவொற்றியூரில் ஆலை அமைத்து புல்லட் மோட்டார்சைக்கிளைத் தயாரித்தது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 2000-களில்தான் கியர் இடது காலுக்கு மாறியது. 1970-களின் நாயகன் இடது காலால் கியரைத் தட்டினால், அந்த ஆலையில் வேலை பார்த்த எவருக்கும் வேறு சான்று தேவையில்லை. முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கும் பட்டனை அழுத்தினால் கிளம்பும் என்ஜினும் இதே வகைப் பிழைகள். ஒலியும் காட்டிக்கொடுக்கும். பழைய வார்ப்பிரும்பு என்ஜினின் இடைவெளி விட்ட 'டப் டப்' வேறு, புதிய என்ஜினின் ஓசை வேறு. படமாக்கும்போது பழைய வண்டியே ஓடியிருந்தாலும், டப்பிங்குக்குப் பின் புது வண்டியின் ஒலியைச் சேர்த்துவிடுவது நடக்கக்கூடியதுதான்.

எண்ணூரின் அசோக் லேலண்டு 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பேருந்துகள்தான் சென்னைச் சாலைகளில் பெருமளவு ஓடின. பேருந்தின் பக்கவாட்டில் எழுதிய பெயரே ஒரு காலக் குறி. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1994-ல் வட பகுதிக்கென டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997-ல் மாநகர் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் வந்தது. 'வடசென்னை' போல 1987-ஐயும் 2000-ஐயும் தொடும் கதையில் தெருவில் போகும் பேருந்து, காட்சிக்குக் காட்சி பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். அதே கதைக்குள் வண்டி எண்ணும் மாறுகிறது. 1989 ஜூலைக்கு முன் பதிவான வண்டிகளுக்கு மூன்று எழுத்தும் நான்கு எண்ணும். அதன் பிறகு பதிவானவற்றுக்கு 'டி.என்.' என்று தொடங்கும் வரிசை. மகாத்மா காந்தி வரிசையின் நூறு ரூபாய்த் தாள் 1996-ல்தான் வந்தது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் சரிசெய்தாலும் அடிவானம் மிஞ்சுகிறது. சென்னைத் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையம் 1983 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் துறைமுக வேலை என்பது பெரும்பாலும் மூட்டை, பெட்டி, பீப்பாய், தோள். 'சார்பட்டா பரம்பரை'யின் கபிலன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான். உடலுழைப்புக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள உறவைச் சொல்ல அது உதவுகிறது. அந்த வருடத்துக்கும் பொருந்துகிறது. பொருளும் கதையும் இப்படி ஒன்றையொன்று தாங்கும்போதுதான் கலை இயக்கம் உயர்ந்து நிற்கிறது. அதே காட்சியின் பின்னணியில் வண்ண வண்ணப் பெட்டகங்களை அடுக்கி வைத்தால், அந்தத் தோள்களுக்கு ஏன் வேலை இருந்தது என்ற கேள்வி எழுந்துவிடும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் இயங்கத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994-ல் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல். ஆக 1960, 1975, 1995 ஆகிய மூன்று வருடங்களுக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் பின்னணி மூன்று விதம். ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் அது. தூண்களோடு கூடிய அந்த முகப்பு எந்தக் காலக் கதைக்கும் பொருந்தும். ஆனால் தண்டவாளப் பக்கம் கேமரா திரும்பினால் மேலே மின்கம்பி தெரியும். வடக்கு நோக்கிய புறநகர்ப் பாதைகளுக்கு மின்சாரம் 1979 முதல்தான் வந்தது. கடற்கரையும் அப்படித்தான். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு முந்தைய கரையில் கட்டுமரமும் மரவள்ளமும் இருந்தன. இன்று வரிசையாக நிற்பவை பைபர் போட்டுகள். அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் கடலுக்குள் நீளும் கல்வரிசைகளும் பிற்காலத்தவை.

இவற்றைச் சமாளிக்கப் படக்குழுவிடம் பல உத்திகள் உண்டு. எளியது, கேமராவை எங்கே வைப்பது என்பது. டெலி லென்ஸ் போட்டு பின்னணியை மங்கச் செய்வார்கள். ஏ.டி.எம். அறைக்கு முன்னால் ஒரு லாரியை நிறுத்துவார்கள். புதுப் பலகை மேல் கோணியோ ஓலையோ பழைய சினிமாப் போஸ்டரோ ஏறும். தெருவை நனைத்துப் புகை போட்டு இரவில் எடுத்தால் பாதித் தெருவை இருட்டே மறைத்துவிடும். மிச்சத்தைக் கணினியில் துடைப்பார்கள். இடமே இல்லாமல் போயிருந்தால் செட் போட வேண்டியதுதான். சென்னை மத்தியச் சிறை 2006-ல் புழலுக்கு மாறி, பழைய கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன. அதனால் 'வடசென்னை'க்குச் சிறையையே கட்ட வேண்டியிருந்தது; அதன் கலை இயக்குநர் ஜாக்கி. டிராம் சென்னையில் 1953 ஏப்ரலோடு நின்றுபோனது. 'மதராசபட்டினம்' அதை மறுபடி உருவாக்கியது. பெரம்பூர் பின்னி மில், ஆலை மூடிய பிறகு பல படங்களுக்குப் படப்பிடிப்புத் தளமானது. உயர்ந்த கூரையும் அகன்ற வெற்றிடமும் வேறெங்கும் சுலபமாகக் கிடைப்பதில்லை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான ஆலைகளுள் ஒன்றின் இடம் அது என்பதை, அங்கே எடுத்த சண்டைக்காட்சிகளைப் பார்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

செட் சுவர் என்பது மரச்சட்டத்தில் ஒட்டுப்பலகை அடித்து, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசியது. பூசியவுடன் அது புதிதாகத்தான் இருக்கும். அதை அழுக்காக்கிப் பழசாக்கும் 'ஏஜிங்' ஒரு தனி வேலை. காகிதத்துக்குத் தேயிலைச் சாறு, இரும்புக்குத் துருநிறப் பொடி, சுவருக்குக் கரியும் எண்ணெயும். கவனமான கண் ஒன்றைக் கேட்கலாம்: அழுக்கு சரியான இடத்தில் இருக்கிறதா? கை படும் உயரத்தில் கறுத்தும், மழைநீர் வழியும் இடத்தில் பாசி படர்ந்தும் இருந்தால் அந்தச் சுவரை ஒருவர் யோசித்துச் செய்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுக்கு இருந்தால் வேலை அவசரத்தில் முடிந்திருக்கிறது. வட சென்னை என்றாலே அழுக்கு என்று முடிவு செய்துகொண்டு எல்லா வீட்டையும் கரியால் மெழுகுவது பல படங்களில் நடக்கிறது. பாத்திரம் துலக்கி அடுக்கி, வாசல் தெளித்துக் கோலம் போடும் குடும்பங்கள் வாழும் பகுதி அது. நாட்காட்டியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாததால் இந்தப் பிழையை யாரும் சொல்வதில்லை. ஆனால் டிஸ்க் பிரேக்கைவிட இது பெரிய பிழை.

சண்டையிலும் உத்திகள் நிறைய. குத்துச்சண்டைக் காட்சியில் அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் கேமரா இருந்தால், முகத்துக்கும் கையுறைக்கும் இடையிலுள்ள சாண் இடைவெளி தெரியாது. வாங்குபவர் தலையைத் திருப்பும் நேரமும், பின்னால் சேர்க்கும் ஓசையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தலையில் உடையும் பாட்டில் சர்க்கரைப் பாகிலோ பிசினிலோ வார்த்தது.

காலம் பிசகாவிட்டாலும் தொடர்ச்சி பிசகலாம். ஒரு காட்சியை இரண்டு மூன்று நாட்கள் எடுப்பதால், தேநீர் டம்ளரின் அளவும் நெற்றி வேர்வையும் காயத்தின் இடமும் ஷாட்டுக்கு ஷாட் மாறக்கூடும். உதவி இயக்குநர்கள் 'கன்டினியூட்டி' புகைப்படங்களை வைத்து இதைக் காவல் காக்கிறார்கள். இவ்வகைப் பிழைகளுக்கு எந்தப் பெரும் தயாரிப்பும் தப்பவில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் 2019-ல் ஒரு காகிதக் காபிக் கோப்பை மேசையிலேயே நின்றுவிட்டது; 1981-ல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் நாயகனுக்கும் நாகத்துக்கும் நடுவே இருந்த கண்ணாடியில் பாம்பு பிரதிபலித்தது. இரண்டும் பின்னர் கணினியில் நீக்கப்பட்டன.

பிழை பிடிப்பவர்களும் பிழை செய்வதுண்டு. 1975 கதையில் 'சென்னை' என்ற பலகையைக் கண்டு, பெயர் 1996-ல்தானே மாறியது என்பார்கள். மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே சென்னைதான். ஆங்கிலப் பலகையில் இருந்தால் மட்டுமே குற்றம். அம்பாசடர் காரைப் பார்த்து வருடம் கணிப்பதும் ஆபத்து. 1950-களின் இறுதியில் வந்த அந்த வண்டி, வெளித்தோற்றம் அதிகம் மாறாமல் 2014 வரை தயாரானது. பழைய பொருள் புதிய காலத்தில் இருப்பதும் இயல்பு. 1975-ன் வீட்டில் 1950-களின் ரேடியோ இருக்கும். 1975-ல் வாங்கிய பொருள்கள் மட்டுமே நிறைந்த வீடுதான் உண்மையில் சந்தேகத்துக்குரியது.

கலை இயக்கக் குழுக்களுக்குச் சிறந்த ஆதாரம் பழைய படங்கள்தான். 1960-களிலும் 70-களிலும் ஏதோ ஒரு காதல் கதைக்காகத் துறைமுகத்திலும் கடற்கரையிலும் எடுத்த காட்சிகளில், அன்றைய பேருந்தும் பலகையும் யாரும் அடுக்கி வைக்காமல் தாமாகவே பதிவாகியிருக்கின்றன. அவற்றை ஓட்டும்போது நடிகர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் கடைப் பலகையின் எழுத்தையே நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.