கர்ப்பிணிகளும் விமான நிலையச் சோதனையும்

கற்பிட்டி, புத்தளம் பக்கம் கணவர் வளைகுடா நாட்டில் தொழில் செய்யும் வீடுகள் ஏராளம். கணவர் அழைத்ததும் மனைவிமாரும் போய்ச் சில மாதங்கள் இருந்து வருகிறார்கள். அப்படிப் புறப்படும் கர்ப்பிணித் தங்கைமார் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, கட்டுநாயக்கவில் அந்த மெஷினுக்குள்ளால் போனால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?"

ஒன்றும் ஆகாது. நாம் நடந்து கடக்கும் கதவு உலோகத்தைக் கண்டறியும் கருவி. மெல்லிய காந்தப் புலத்தால் இயங்குகிறது, எக்ஸ்ரே அல்ல. உடலருகே பிடிக்கும் கைக்கருவியும் அப்படியே. எக்ஸ்ரே இருப்பது பைகள் போகும் பெட்டிக்குள். அதில் தொங்கும் கனத்த திரைகள் கதிரை வெளியே விடாமல் தடுக்கின்றன. அதற்குள்ளால் போன குளிசையையும் சாப்பாட்டையும் பயமின்றி உட்கொள்ளலாம்.

சில வெளிநாட்டு விமான நிலையங்களில் கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லும் கூண்டு உண்டு. அதில் வருவது மில்லிமீற்றர் அலை. அது தோலைத் தாண்டி கருவறைவரை செல்லாது. எப்படியும் மனம் ஒப்பாவிட்டால், பெண் அதிகாரி கையால் சோதிக்கும்படி கேளுங்கள். மறைவான இடமும் கேட்கலாம்.

உண்மையில், உயரே பறக்கும்போது வானிலிருந்து சிறிது கதிர்வீச்சு படுகிறது. மணிக்குச் சுமார் 3 மைக்ரோசீவர்ட். 5 மணி நேரப் பயணத்துக்கு 15. பூமியில் இருந்தபடியே ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2,400. ஆகவே எப்போதாவது போகும் பயணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வாய் திறக்க வேண்டிய இடம் வேறு. வீசா மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். பயணம் தடைப்படும் என்று கர்ப்பத்தை மறைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். மறைக்காதீர்கள், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலும் முதலில் சொல்லுங்கள். தெரியாமல் எடுத்துவிட்டால் கலங்கவும் வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேரும் கதிர் மிகச் சொற்பம். வைத்தியரிடம் சொன்னால் போதும்.

நீண்ட நேரம் அசையாமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. கால் நரம்பில் இரத்தம் உறையலாம். புத்தளத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கே சுமார் 100 கிலோமீற்றர். வழியில் இறங்கி நடவுங்கள். விமானத்திலும் இடையிடையே எழுந்து நடவுங்கள். தண்ணீர் குடியுங்கள். இருக்கைப் பட்டியை வயிற்றுக்குக் கீழே கட்டுங்கள்.

28 வாரத்துக்குப் பின் பல விமான சேவைகள் வைத்தியரின் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்குப் பின் பொதுவாக ஏற்றுவதில்லை. டிக்கட் எடுக்குமுன் விசாரியுங்கள். கிளினிக் புத்தகத்தைக் கைப்பையிலேயே வையுங்கள்.