சிமென்ட் சுவருக்குள் ஓடிய ஆறு

இருபது ஆண்டுகளுக்கு முன் பீஷான் பூங்காவில் நண்பர்களோடு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரங்களைச் சொல்வார்கள், குளங்களைச் சொல்வார்கள். ஆற்றைச் சொல்ல மாட்டார்கள். ஆறு அங்கேதான் இருந்தது. பூங்காவின் ஓரத்தில், வேலிக்கு அப்பால், இரண்டு சிமென்ட் சுவர்களுக்கு நடுவே நேராக ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது வெறும் லோங்காங், மழைநீர் வடிகால். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, சுமார் 10 கிலோமீட்டர் ஓடி மரினாவைச் சேரும் காலாங் ஆறு இதுதான், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு இதுதான் என்று எங்களில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தச் சுவரைக் கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தத் தீவு வெள்ளத்தால் பட்ட பாடு கொஞ்சமில்லை. மழைநீரை எவ்வளவு சீக்கிரம் கடலுக்கு அனுப்ப முடியுமோ அவ்வளவு நல்லது என்பதே அன்றைய கணக்கு. 1988இல் பூங்கா திறந்தபோது, அதற்கும் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கும் நடுவே எல்லைக்கோடாக நின்றது அந்தக் கால்வாய். நடையும் அதற்கேற்றபடிதான். நேரான பாதை, வேகமான நடை, கடைசி வரை போய்த் திரும்பினால் கோப்பிக்கடை. தண்ணீரைப் பார்த்து நிற்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

கால்வாய் பழசாகி, பெருகும் மழைநீரைத் தாங்காது என்ற நிலை வந்தது. அதையே இன்னும் அகலமாகக் கட்டியிருக்கலாம். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து சுவரையே உடைத்தன. 2009இல் தொடங்கிய வேலை 2012 மார்ச்சில் முடிந்தது. 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், 62 ஹெக்டர் பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஆறாக மாறியது. கூடிய அந்த அரை கிலோமீட்டர், பேசிக்கொண்டே நடப்பவர்களுக்குக் கிடைத்த வரம்.

சிமென்ட் இல்லாமல் கரை எப்படி நிற்கிறது? நம் ஊர் மழை ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், வெறும் மண் கரைந்து போய்விடும். அதனால் முதலில் பூங்காவின் ஒரு சிறிய வடிகாலில், 60 மீட்டர் நீளத்துக்குள் பத்து வழிமுறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். உயிருள்ள குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையில் பதிப்பது, மண்ணைத் துணிபோன்ற விரிப்பில் சுற்றி அடுக்குவது, கற்களுக்கு இடையே கிளைகளைச் செருகுவது. குனிந்து பார்த்தால் இன்றும் தெரியும்: பாறை இடுக்கிலிருந்து செடி கிளம்பியிருக்கும், அதன் வேர் அந்தப் பாறையையே பிடித்திருக்கும். சிமென்ட் சுவர் நாளாக நாளாக வலுவிழக்கும். இந்தக் கரை நாளாக நாளாக இறுகும். உடைத்த சிமென்ட் பாளங்களையும் வீணாக்காமல் பூங்காவிலேயே ஒரு குன்றாக அடுக்கிவிட்டார்கள்.

இன்று ஞாயிறு காலையில் கூட்டமாகப் போனால் யாரும் அவசரப்படுவதில்லை. பாதை தண்ணீர் வரை இறங்குகிறது. படிக்கற்களில் கால் வைத்து ஆற்றைத் தாண்டலாம். முட்டிவலிக்காரர்கள் பாறையில் உட்கார்ந்து கொள்வார்கள், மற்றவர்கள் ஒரு வளைவு சுற்றிவிட்டு வருவார்கள். 2014இல் நீர்நாய்கள் தாமாகவே வந்து இங்கே குட்டி போட்டன. அந்தக் குடும்பம் பிறகு மரினா பக்கம் போய்விட்டது. ஆனாலும் எங்கள் கூட்டத்தில் யாராவது, “அந்தப் பக்கம் பாருப்பா, தண்ணி அசையுது!” என்றால் போதும், முன்பின் தெரியாதவர்கள்கூடப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள்.

மழை இறங்கினால் கதை வேறு. நீர்மட்டம் ஏறும்போது விளக்குகள் மின்னும், சங்கு ஒலிக்கும். உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நாம் நடந்த புல்வெளி மேல் ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்குப் பரவி ஓடும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். ஆற்றுக்கு இடம் வேண்டும்போது நாம் விலகிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பிராடல் ரோட்டைத் தாண்டித் தோ பாயோ பக்கம் இறங்கினால் மறுபடி சிமென்ட் வந்துவிடுகிறது. மறுபடி வரிசையாக நடக்கிறோம். அங்கே கரையை ஒட்டியே வீடுகள், பீஷானைப் போல ஒதுக்க நிலம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கீழே கோலம் ஆயரில் 2008லேயே சுவர்களுக்கு நடுவிலும் மிதவைமேடை போட்டு மக்களைத் தண்ணீர் அருகே கொண்டுவந்து காட்டிவிட்டார்கள். ஆறு முழுவதையும் நடைவழியால் இணைக்கும் திட்டத்தை நகர்ச் சீரமைப்பாளர்கள் 2017இல் மக்கள் முன் வைத்தார்கள். பியர்ஸிலிருந்து காலாங் படுகை வரை தடையில்லாமல் நண்பர்களோடு நடக்க முடிய வேண்டும். இடையில் வரும் ஒவ்வொரு சிமென்ட் துண்டிலும் ஒரு நிழல்மரமும், தண்ணீர் வரை இறங்க நாலு படியும் கேட்போம்.