உங்களுக்குத் தெரியுமா? கோட்டையைப் பிளந்து ஓடும் ரயில்!

ஏரி, மலை, கோட்டை மூன்றையும் ஒருசேரப் பார்க்கக் கடல் கடக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் செங்கல்பட்டில், ரயில் பாதையே பழைய கோட்டையை ஊடறுத்துச் செல்கிறது!

• விஜயநகர மன்னர்கள் காலத்துக் கோட்டை இது. மதில் மட்டுமல்ல, ஒரு பக்கம் ஏரியும் இதற்கு அரண். 1752-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ராபர்ட் கிளைவ் இதைக் கைப்பற்றினார்.

• தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிந்து கிடக்கிறது. காலை ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் பாக்கியம்.

• பக்கத்திலேயே வல்லம் குன்று. காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் பாறையைக் குடைந்து உருவாக்கிய சிவன் கோயில் அங்கே இருக்கிறது. 1,300 ஆண்டுகளைக் கடந்தது. அவசியம் ஏறிப் பாருங்கள்.

• காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலிலேயே போகலாம்.